தீவுக் கடலில் பாய் விரிக்கப் போகிறீர்களா? உங்களை மீட்க வருபவர்கள் யார், அவர்களை எப்படிக் கூப்பிடுவது

தீவுகள் நிறைந்த கடலில் வாடகைக்கு ஒரு பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு கிளம்புகிற பெரும்பாலானவர்கள், ஏதாவது ஆகிவிட்டால் கடலோரக் காவல்படை வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் கிளம்புகிறார்கள். பல தீவுகளில் அப்படிச் சம்பளம் வாங்கிக்கொண்டு இருபத்துநான்கு மணி நேரமும் தயாராக இருக்கும் படை கிடையாது. அப்படி ஒன்று இருந்தாலும் அது வேறு ஏதோ ஒரு தீவில், பல மணி நேரத் தூரத்தில் இருக்கும். உங்களைத் தேடி முதலில் வரப்போவது அந்த ஊர்க்காரர்கள்தான். படகு எஞ்சின் மெக்கானிக், பள்ளி ஆசிரியர், ஹோட்டலில் கணக்கு எழுதுகிறவர், ஓய்வுபெற்ற மாலுமி என்று நான்கைந்து பேர் கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து மீட்புப் படகில் ஏறுவார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது.

இதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் நடந்துகொள்ளும் விதம் மாறும், மாற வேண்டும். ஆனால் பலருக்கு அது தப்பான திசையில் மாறிவிடுகிறது. "பாவம், சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள், இந்தச் சின்ன விஷயத்துக்கு எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்" என்று மதியம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இழுத்து இழுத்து, இருட்டிய பிறகு, காற்று ஏறிய பிறகு கூப்பிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தால் அதிக ஆபத்துக்குள் போகிறவர்கள் அதே தன்னார்வலர்கள்தான். அவர்கள்மேல் அக்கறை இருந்தால் சீக்கிரம் கூப்பிடுங்கள், இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

யார் இவர்கள்?

பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் விசார் என்று அழைக்கப்படும் தன்னார்வ மீட்பு அமைப்பு 1988 முதல் இயங்குகிறது. பஹாமாஸில் பாஸ்ரா, ஆன்டிகுவாவில் அப்சார் என்று கரீபியனில் மட்டுமே இப்படிப் பல இருக்கின்றன. பிரெஞ்சுத் தீவுகளான மார்டினிக், குவாதலூப் பக்கம் போனால் எஸ்.என்.எஸ்.எம். என்ற தன்னார்வ அமைப்பின் நிலையங்கள் இருக்கும். அந்த அமைப்பு 1967-ல் உருவானது. நியூசிலாந்தில் கோஸ்ட்கார்டு என்ற பெயரில் இயங்குவதும் அரசுப் படை அல்ல, தன்னார்வத் தொண்டு நிறுவனம். பெயரை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த முறையே ஒரு தீவில்தான் வேர்விட்டது. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவில், டக்ளஸ் என்ற ஊரில் குடியிருந்த சர் வில்லியம் ஹில்லரி, தன் ஊர்க் கடற்கரையிலேயே கப்பல்கள் உடைவதைப் பார்த்துப் பார்த்து, உயிர்காக்கும் படகுகளுக்கென்று ஒரு தேசிய அமைப்பு வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். 1824-ல் அது லண்டனில் உருவானது, இன்று ஆர்.என்.எல்.ஐ. என்று அறியப்படுவது அதுதான். அவர் வெறுமனே கடிதம் எழுதிக்கொண்டு இருந்தவர் இல்லை. 1830-ல் செயின்ட் ஜார்ஜ் என்ற நீராவிக் கப்பல் டக்ளஸ் விரிகுடாவின் பாறையில் மாட்டிக்கொண்டபோது, அறுபதை நெருங்கிய வயதில் மீட்புப் படகில் தானே போய், விலா எலும்புகள் முறிந்து திரும்பினார். அப்புறம் அதே பாறைமேல் 1832-ல் ஒரு சிறு கோட்டை மாதிரி கட்ட வைத்தார், கப்பல் உடைந்து ஏறி வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்ள. அது இன்னும் அங்கே நிற்கிறது. ஆர்.என்.எல்.ஐ. இன்றும் பெரும்பாலும் பொதுமக்களின் நன்கொடையில், பெரும்பாலும் தன்னார்வலர்களைக் கொண்டே நடக்கிறது.

உங்கள் அழைப்பு எங்கே போகிறது என்பதையும் ஒரு தடவை புரிந்துகொள்ளுங்கள். 1979-ல் ஹாம்பர்க்கில் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தத்தின்படி உலகக் கடல் முழுவதும் தேடல்-மீட்புப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒருங்கிணைப்பு மையம் உண்டு. உதாரணமாக, மார்டினிக்கின் ஃபோர்-த-ஃபிரான்ஸ் நகரில் உள்ள மையம் அந்தப் பக்கத்துக் கடலில் ஒரு பெரிய பரப்பைப் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் கூப்பிட்டால் பொதுவாக முதலில் இந்த மாதிரி ஒரு மையத்துக்கோ உள்ளூர் ரேடியோ நிலையத்துக்கோ, இல்லையென்றால் காவல்துறைக்கோ செய்தி போகும். அவர்கள்தான் தன்னார்வலர்களின் பேஜரையோ கைபேசியையோ ஒலிக்க வைப்பார்கள். தன்னார்வ நிலையத்தில் எந்நேரமும் ஒருவர் ரேடியோ முன் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலிருந்து நிலையத்துக்கு வந்து, உடை மாற்றி, படகை இறக்கி, அப்புறம்தான் அவர்கள் உங்கள் பக்கம் திரும்புவார்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற குழு பத்து நிமிடத்தில் கிளம்பிவிடும், ஆனால் அதற்குமேல் கடல் தூரம் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன்பு

படகை ஒப்படைக்கும்போது வாடகை நிறுவனத்துக்காரர் குளிர்சாதனப் பெட்டியையும் கழிப்பறையையும் பற்றி நிறையப் பேசுவார். அவரை நிறுத்தி இதைக் கேளுங்கள்: இந்தத் தண்ணீரில் மீட்புக்கு யார் வருவார்கள், அவர்களைப் பிடிக்க எந்த எண், எந்த ரேடியோ சேனல், நாம் போகிற தீவுகளில் ஏதாவது வேறு நாட்டுக்குச் சொந்தமானதா? கடைசிக் கேள்வி முக்கியம். இரண்டு தீவுகளுக்கு நடுவே அரை நாள் பாய் விரித்துப் போனாலே நாடு மாறிவிடுகிற இடங்கள் உண்டு; நாடு மாறினால் அவசர எண்ணும் மாறும். எண்களை ஒரு தாளில் பெரிதாக எழுதி ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால், கைபேசி தண்ணீரில் விழுந்த அன்றைக்குத்தான் அது தேவைப்படும்.

அப்புறம் கரையில் ஒரு ஆள். போகிற வழி, தங்கப்போகிற இடம், படகில் எத்தனை பேர், படகின் பெயர், நிறம், நீளம், எத்தனை மணிக்குள் தகவல் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு எழுத்தில் கொடுங்கள். நீங்கள் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி தகவல் கொடுக்கவும் வேண்டும். பத்திரமாக நங்கூரம் போட்டுவிட்டுத் தூங்கிப்போன ஒருவரைத் தேடி, இரவெல்லாம் படகுகள் அலைந்த கதை எல்லாத் தீவிலும் இருக்கும்.

லைஃப் ஜாக்கெட்டை ஒவ்வொருவரும் கிளம்பும் முன்பே போட்டுப் பார்க்க வேண்டும், பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதாது. தானாகக் காற்று நிரம்பும் வகை என்றால், உள்ளே இருக்கும் சிறு வாயு உருளை கையால் திருகி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதிர்வில் அது தளர்ந்துபோவது சகஜம். தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையை மாட்டாமல் விட்டால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே ஏறி முகத்தை மூடும், ஆள் கீழே தொங்குவார். விசிலும் விளக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆபத்தில் கொளுத்திக் காட்டும் தீப்பந்த ஒளிக்குறிகளுக்குக் காலாவதித் தேதி உண்டு, பெரும்பாலும் தயாரித்ததிலிருந்து மூன்று ஆண்டு.

ரேடியோவை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்

கைபேசி இருக்கிறதே என்று கேட்பீர்கள். கைபேசியில் பேசினால் ஒருவர் மட்டும் கேட்கிறார். படகுகளில் இருக்கும் குறுந்தூர ரேடியோவான வி.எச்.எஃப்.-இல், 16-ஆம் சேனலில் பேசினால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் ரேடியோவைத் திறந்து வைத்திருக்கும் எல்லாப் படகும் கேட்கும். உங்களுக்கு உதவக்கூடிய முதல் ஆள் பக்கத்துக் கடற்கரை வளைவில் நங்கூரம் போட்டிருக்கும் இன்னொரு பாய்மரப் படகாக இருக்கலாம். மீட்புப் படகு வந்து சேரும்போது, ரேடியோ அலை வரும் திசையை வைத்தும் சில படகுகளால் உங்களைத் தேடிப் பிடிக்க முடியும்.

வி.எச்.எஃப். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பாய்மரத்தின் உச்சியில் ஆன்டெனா இருந்தால் பதினைந்து இருபது கடல் மைல் எட்டலாம். கையடக்க ரேடியோ என்றால் சில மைல்தான். நடுவில் ஒரு மலை இருந்தால் இரண்டுமே திணறும். தீவுகள் பெரும்பாலும் மலைகள்தான் என்பதால், அமைதியான ஒரு வளைவுக்குள் ஒதுங்கி நிற்கும்போது நீங்கள் கூப்பிடுவது யாருக்கும் கேட்காமல் போகலாம். பதில் வரவில்லை என்றால் ரேடியோ 1 வாட்டில் இல்லாமல் 25 வாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், திரும்பத் திரும்பக் கூப்பிடுங்கள், கைபேசியையும் முயலுங்கள். வேறொருவரின் அபாய அழைப்பு உங்களுக்குக் கேட்டு, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றால், அதை நீங்கள் வாங்கி மேலே கடத்த வேண்டும். அதற்கு 'மேடே ரிலே' என்று பெயர்.

படகில் பொருத்திய புது ரேடியோக்களில் ஒரு சிவப்புப் பொத்தான், மூடி போட்டு இருக்கும். மூடியைத் தூக்கி ஐந்து விநாடி போல அழுத்திப் பிடித்தால், படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும் இருக்கும் இடமும் 70-ஆம் சேனல் வழியாகத் தானாகப் போய்விடும். ரேடியோவில் ஜி.பி.எஸ். இணைக்கப்பட்டிருந்தால் மட்டும்தான் இடம் போகும்; திரையில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் தெரிகின்றனவா என்று கிளம்பும்போதே பார்த்துவிடுங்கள்.

செயற்கைக்கோளுக்குக் குறி அனுப்பும் அபாயக் கருவி, அதாவது எபிர்ப், 406 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. பழைய படகுகளில் எப்போதாவது 121.5-ல் மட்டும் இயங்கும் கருவி மூலையில் கிடக்கும். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதில்லை, அதை நம்பாதீர்கள். எபிர்ப் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் முதலில் தொலைபேசி போகும். வாடகைப் படகு என்றால் அது உரிமையாளர். நீங்கள் எத்தனை பேர், எந்தப் பக்கம் போயிருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது கூப்பிடுவது

உயிருக்கோ படகுக்கோ கடுமையான ஆபத்து, உடனே உதவி வேண்டும் என்றால் 'மேடே'. படகில் தீ, நிற்காமல் தண்ணீர் ஏறுகிறது, ஆள் கடலில் விழுந்து கண்ணுக்குத் தெரியவில்லை, நெஞ்சு வலியில் ஒருவர் சாய்ந்துவிட்டார் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

அவசரம்தான், ஆனால் இந்த நிமிடம் உயிர் ஆபத்து இல்லை என்றால் 'பான்-பான்'. எஞ்சின் நின்றுவிட்டது, படகு காற்றில் மெல்லப் பவளத்திட்டு பக்கம் தள்ளப்படுகிறது, அல்லது படகைத் தள்ளும் விசிறியில் கயிறு சுற்றி மாட்டிக்கொண்டது, சுக்கான் திரும்பவில்லை, கை முறிந்த ஒருவர் இருக்கிறார் என்பவை இதில் வரும். புதிதாக வருகிறவர்கள் இந்தப் பான்-பானைப் பயன்படுத்துவதே இல்லை. அவர்களுக்கு ஒன்று எல்லாம் சரி, இல்லையென்றால் எல்லாம் முடிந்தது. நடுவில் இருக்கும் இந்தப் படி உங்களுக்காகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒரு படி கீழேயும் உண்டு. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆகலாம் என்று தோன்றுகிறது. அப்போதும் கூப்பிட்டு, "இப்போது உதவி தேவையில்லை, எஞ்சின் இல்லாமல் பாயில் போகிறோம், இன்னும் இரண்டு மணி நேரத்தில் இந்த வளைவுக்குள் நுழையப் பார்ப்போம்" என்று சொல்லி வைக்கலாம். மையத்தில் இருப்பவர் அதைக் குறித்துக்கொண்டு, குறித்த நேரத்துக்கு ஒருமுறை உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார். தன்னார்வலர்களுக்கும், இன்று மாலை வேலை வரலாம் என்று முன்கூட்டியே தகவல் போகும். பகலில் கிடைக்கிற இந்த ஒரு தகவலால் எரிபொருள் நிரப்பி வைக்கலாம், ஆள் சேர்க்கலாம், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்து வைக்கலாம்.

எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் சூரியன்தான். இருட்டுவதற்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது பிரச்சினை தீரவில்லை என்றால், அது சின்னதோ பெரியதோ, சொல்லிவிடுங்கள். வெப்பமண்டலத்தில் சூரியன் மறைந்ததும் அந்திவெளிச்சம் நீண்ட நேரம் நிற்காது. பவளத்திட்டுகளை மேலிருந்து கண்ணால் பார்த்துத்தான் விலக வேண்டும், அதற்குச் சூரியன் உயரத்தில் இருக்க வேண்டும். இரவில் அந்தத் தண்ணீருக்குள் வர மீட்புப் படகுக்கும் கஷ்டம்தான்.

என்ன சொல்வது

ரேடியோவில் சர்வதேச வழக்கம் ஆங்கிலம்தான். வாக்கியமாகப் பேச வேண்டாம், வரிசை முக்கியம்:

மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் யாட்... (படகின் பெயர் மூன்று முறை). மேடே, (படகின் பெயர் ஒருமுறை, அழைப்பு எண்). மை பொசிஷன் இஸ்... (இடம்). என்ன ஆபத்து. என்ன உதவி வேண்டும். எத்தனை பேர் இருக்கிறோம். வேறு தகவல். ஓவர்.

பான்-பான் என்றால் அந்தச் சொல்லை மூன்று முறை சொல்லி, மீதியெல்லாம் இதே மாதிரி. பேசி முடித்ததும் பொத்தானிலிருந்து கையை எடுங்கள். பதற்றத்தில் அழுத்தியபடியே இருப்பவர்களுக்கு எதிரில் பேசுவது கேட்கவே கேட்காது. இந்த வரிசையை, உங்கள் படகின் பெயரையும் எண்ணையும் நிரப்பி, ஒரு அட்டையில் எழுதி மாட்டி வையுங்கள். படகில் கடல் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், விழுந்தவரும் நீங்களாக இருக்கலாம். மற்றவர்களுக்கு அந்த அட்டையைப் படிக்கத் தெரிய வேண்டும். முதல் நாளே எல்லோரும் ரேடியோவைத் திறக்காமல் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இடம் சொல்வதில் ஒரு விஷயத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன், ஏனென்றால் தேடல் நீள்வதற்கு இது ஒரு நேரடிக் காரணம். கைபேசி வரைபடங்கள் பெரும்பாலும் 18.50 என்று தசமத்தில் டிகிரியைக் காட்டும். கடல் வரைபடக் கருவிகள் டிகிரியும் நிமிடமுமாகக் காட்டும். 18.50 டிகிரி என்பது 18 டிகிரி 30 நிமிடம். அதைக் கேட்கிறவர் 18 டிகிரி 50 நிமிடம் என்று எழுதிக்கொண்டால் வித்தியாசம் இருபது நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். ஆக, மீட்புப் படகு உங்களிடமிருந்து 37 கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தேடிக்கொண்டிருக்கும். அதனால் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள், "டிகிரி", "பாயின்ட்", "மினிட்ஸ்" என்ற சொற்களை விடாமல் சொல்லுங்கள், வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்றும் சொல்லுங்கள், திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கூடவே கண்ணுக்குத் தெரிவதையும் சேர்த்துச் சொல்வது நல்லது: "இந்தத் தீவின் தென்முனைக்கு மேற்கே சுமார் இரண்டு மைல்." எண்ணும் இந்த வர்ணனையும் பொருந்தவில்லை என்றால் கேட்பவருக்கு உடனே சந்தேகம் வரும், கேட்பார். உள்ளூர்த் தன்னார்வலருக்கு அந்தத் தென்முனை அவர் வீட்டு வாசல் போல, எண்ணைவிட அது சீக்கிரம் மனதில் ஏறும்.

காத்திருக்கும் நேரம்

முதலில் எல்லோரும் லைஃப் ஜாக்கெட். அடுத்தது, படகை இருக்கும் இடத்திலேயே நிறுத்த முடியுமா என்று பாருங்கள். எஞ்சின் நின்றதும் எல்லோரும் எஞ்சின் மூடியைத் திறந்து குனிந்துவிடுகிறார்கள்; அதற்குள் படகு கரைப் பக்கம் போய்விடுகிறது. ஆழம் குறைவாக இருந்தால் நங்கூரத்தை இறக்குங்கள், சங்கிலியைத் தாராளமாக விடுங்கள். ஆழம் அதிகமா, கொஞ்சம் பாயை விரித்துத் திறந்த கடல் பக்கம் போங்கள். அது பாய்மரப் படகு, எஞ்சின் போனாலும் ஓடும். திறந்த கடலில் ஆடிக்கொண்டிருப்பது வயிற்றுக்குச் சிரமம், ஆனால் பாறை பக்கத்தில் இல்லை.

இடம் மாறினால் ரேடியோவில் சொல்லுங்கள். பிரச்சினை தானாகச் சரியாகிவிட்டாலும் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம், பாதி வழியில் திரும்பிப்போவதில் அவர்களுக்கு வருத்தமே கிடையாது. தவறுதலாக எபிர்ப்போ சிவப்புப் பொத்தானோ இயங்கிவிட்டாலும் இதேதான்: சும்மா அணைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள், மையத்தைக் கூப்பிட்டு ரத்து செய்யுங்கள்.

படகைக் கைவிட்டு உயிர்மிதவைக்கு, அதாவது காற்றடைத்த அவசர மிதவைக்கு, மாறுவதில் அவசரப்படாதீர்கள். 1979 ஆகஸ்டில், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியில் 303 படகுகள் புயலில் மாட்டின. போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். அப்போது 24 படகுகள் கைவிடப்பட்டன, மூழ்கியவை 5 மட்டுமே. கைவிடப்பட்டவற்றில் பல பின்னர் மிதந்துகொண்டிருந்த நிலையிலேயே கண்டெடுக்கப்பட்டன. படகு மிதக்கிற வரை அதுதான் பாதுகாப்பான இடம், தேடுகிறவர் கண்ணுக்கும் அதுதான் பெரிதாகத் தெரியும்.

ஒளிக்குறிகளை ஆளைப் பார்த்த பிறகு, அல்லது சத்தம் கேட்ட பிறகு பயன்படுத்துங்கள். கையில் பிடிக்கும் சிவப்பு ஒளி ஒரு நிமிடம் போலத்தான் எரியும். வெறும் கடலைப் பார்த்து எல்லாவற்றையும் கொளுத்திவிட்டால், அவர்கள் அருகில் வரும்போது ஒன்றும் மிஞ்சாது. காற்று போகிற பக்கமாகக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பகலில் ஆரஞ்சுப் புகையே நல்லது. தலைக்குமேல் ஹெலிகாப்டர் இருந்தால் ராக்கெட் வகையைத் தொடவே கூடாது. இரவில் டார்ச் வெளிச்சத்தைப் பாய்மேல் அடித்தால் தூரத்திலிருந்து தெரியும். வருகிறவர்கள் கண்ணில் மட்டும் அடிக்காதீர்கள், அவர்கள் இருட்டுக்குப் பழகிய கண்ணோடு வருகிறார்கள்.

ஆள் கடலில் விழுந்திருந்தால், ஒருவரை அவரையே பார்த்துக் கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், அவருக்கு வேறு வேலை வேண்டாம். மிதப்பது எதையாவது எறியுங்கள், ஜி.பி.எஸ்.ஸில் இடத்தைக் குறியுங்கள், எஞ்சினை இயக்கும் முன் தண்ணீரில் கயிறு தொங்குகிறதா என்று பாருங்கள். வெதுவெதுப்பான கடல்தானே என்று அலட்சியம் வேண்டாம். காற்றைவிட இருபது மடங்குக்குமேல் வேகமாகத் தண்ணீர் உடல்சூட்டை இழுக்கும். நெடுநேரம் கிடந்தவரை முடிந்தவரை படுத்த நிலையிலேயே தூக்க வேண்டும், நிற்க வைத்துத் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று சரியும்.

அவர்கள் வந்த பிறகு

வந்தவர் இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக இருக்கலாம், காலையில் உங்களுக்கு ஓட்டலில் காபி கொண்டுவந்தவராகவே இருக்கலாம். படகில் ஏறிய பிறகு அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் எந்தப் பக்கமிருந்து நெருங்க வேண்டும் என்று அவர்களே முடிவுசெய்வார்கள். நீங்கள் அந்தப் பக்கத்தில் கயிறுகளை எடுத்துவிட்டு, மோதுதாங்கிகளை (படகுகள் உரசாமல் பக்கத்தில் தொங்கவிடும் உருளைகளை) கட்டிவிட்டு, இழுத்து வந்த சிறு படகை மறுபக்கம் மாற்றிவிட்டால் போதும். அவர்கள் சொல்லும் முன் தாவாதீர்கள். இரண்டு படகுகளுக்கு நடுவே கால் நசுங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

கட்டி இழுப்பது என்று முடிவானால், கயிறு எங்கே கட்டப்படுகிறது என்பதில் கவனம் வையுங்கள். முன்பக்கக் கைப்பிடிக் கம்பியில் கட்டக் கூடாது, அது பிடுங்கிக்கொண்டு வரும். முன்பக்கத்தில் கயிறு கட்டுவதற்கென்றே இருக்கும் இரண்டு கட்டைகளுக்கும் பிரித்துக் கட்டி, விளிம்பில் உரசும் இடத்தில் துணியோ குழாயோ சுற்ற வேண்டும். கயிறு இறுகியதும் எல்லோரும் பின்னால் போய்விடுங்கள். அறுந்த கயிறு திரும்பி வரும் வேகத்துக்கு எலும்பு தாங்காது. வெட்டுக் கத்தி ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஹெலிகாப்டர் என்றால் பாயெல்லாம் இறக்கிக் கட்டியிருக்க வேண்டும், மேல்தளத்தில் பறக்கக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. மேலே வந்த பிறகு சத்தத்தில் ரேடியோ கேட்காது, அதனால் சொல்வதை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும் கம்பி கடலையோ படகையோ தொட்டு மின்னேற்றம் இறங்கும் வரை கை வைக்காதீர்கள். கீழே விடும் வழிகாட்டிக் கயிற்றைக் கையால் பிடிக்கலாம், படகில் மட்டும் ஒருபோதும் கட்டக் கூடாது.

சிறு படகில்தான் அதிகம் ஆபத்து

பெரிய படகில் இவ்வளவும் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குக் கரைக்குப் போகச் சிறு ரப்பர் படகில் ஏறும்போது எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லை, விளக்கு இல்லை, துடுப்பு இல்லை. எஞ்சின் நின்றால் காற்று நேராகக் கடலுக்குள் கொண்டுபோகும். கையடக்க ரேடியோ, டார்ச், துடுப்பு, ஒரு சிறு நங்கூரம், இவை எப்போதும் அதிலேயே கிடக்கட்டும். எஞ்சினை நிறுத்தும் அந்தச் சிவப்புச் சுருள் கயிற்றை ஓட்டுகிறவர் தன் காலிலோ இடுப்பிலோ மாட்டியே ஆக வேண்டும், இருபது மீட்டர் தூரம் என்றாலும் சரி. ஓட்டியவர் விழுந்துவிட்டால் ஆளில்லாத படகு வட்டம் போட்டுத் திரும்ப அவர்மேலேயே வரும், சுழலும் விசிறியோடு.

பணம், அப்புறம் சேர்வது

உயிரைக் காப்பாற்றியதற்குக் காப்பாற்றப்பட்டவரிடம் பணம் கேட்க முடியாது என்பது கடல் மீட்பு பற்றிய 1989 சர்வதேச ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. படகு என்ற பொருளைக் காப்பாற்றுவது வேறு கணக்கு. ஆர்.என்.எல்.ஐ. எதற்கும் கட்டணம் கேட்பதில்லை, பிரெஞ்சு எஸ்.என்.எஸ்.எம். ஆளை மீட்க வாங்காது, படகை இழுத்துவர வாங்கும். சில இடங்களில் தன்னார்வலர்கள் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு, படகுக்குத் தனியார் இழுவைக்காரரைக் கூப்பிடச் சொல்வார்கள். தனியார் வந்தால் கயிற்றை வாங்கும் முன் தொகையைப் பேசிவிடுங்கள், ரேடியோவிலாவது. உங்கள் காப்பீட்டில் இது வருமா என்பதையும் வாடகை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அந்த ஊர் நிலையத்துக்கு நன்கொடை கொடுங்கள். ஒரு மீட்புப் படகுக்கு எரிபொருள், எஞ்சின் பராமரிப்பு, உடைகள், பயிற்சி எல்லாமே செலவு, அங்கே இருக்கும் கொஞ்சம் பேரே அதைச் சுமக்க முடியாது.

ஒரே தீவில் மாதக்கணக்கில் தங்கப்போகிறீர்கள் என்றால் நேரில் போய், சேர முடியுமா என்று கேளுங்கள். படகில் போகிறவர்கள் மட்டும் போதாது. படகை இறக்கி ஏற்ற, ரேடியோ பார்க்க, எஞ்சின் கழுவ, நிதி திரட்ட, பள்ளிகளில் பேச ஆள் வேண்டும். படகுக் குழுவில் சேர வேண்டும் என்றால் நீச்சல், உடல்தகுதி, முதலுதவி, ரேடியோச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். பல மாதம் பயிற்சிக்கு மட்டும் போவீர்கள், உண்மையான அழைப்பில் ஏற்றமாட்டார்கள். இரவில் போன் அடித்தால் எத்தனை நிமிடத்தில் நிலையத்துக்கு வந்து சேர முடியும் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். போகும் முன்பே வீட்டிலிருந்து ஒருமுறை அந்தத் தூரத்தை இரவில் நடந்தோ வண்டியிலோ போய்ப் பார்த்து, நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.